நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்? சேலத்திலும் ஏற்காட்டிலும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியராக 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதல் பாதி ஏற்காடு மலைக் கிராமங்களில், அடுத்த பாதி கீழே, சேலத்தை ஒட்டித் தறியும் வெள்ளிப் பட்டறையும் இருக்கிற ஊர்களில். இன்றைக்கும் கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ கோயில் வாசலிலோ யாராவது "நர்சம்மா, ஒண்ணு கேக்கணும்" என்று ஓரமாகக் கூப்பிடுவார்கள். கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, எந்த மாத்திரை எத்தனை வேளை என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். நோய் வருவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பதற்கு நம் ஆட்கள் ஏன் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்துக்குள் என்ன இருக்கிறது, அதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

நல்லாத்தான் சாப்பிடறேன், தூங்கறேன், வேலைக்குப் போறேன். அப்புறம் எதுக்கு டெஸ்ட்?

நீங்கள் சொன்ன மூன்றும்தான் நம் ஊரில் ஆரோக்கியத்துக்கு அளவுகோல். சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, வேலை ஓடுகிறது என்றால் அவன் நல்லா இருக்கிறான். தப்பான அளவுகோல் என்று சொல்ல மாட்டேன், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது போதும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மட்டும் அதற்குள் அடங்காது, ஏனென்றால் அவை வருடக்கணக்கில் வலிக்காமல் இருக்கும். பிரஷர் 140/90-ஐத் தொட்ட பிறகும் முக்கால்வாசிப் பேருக்குத் தலைவலிகூட வராது.

வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்ற வைக்கிற ஒருவர், வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். வேலை செய்யும்போது நெருப்புத் துளி காலில் விழுந்திருக்கிறது, சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வீட்டம்மா பார்த்துக் கேட்ட பிறகுதான் புண்ணே தெரிந்தது. காலில் உணர்ச்சி போகிற அளவுக்குச் சர்க்கரை எத்தனை வருடமாக இருந்ததோ, இரண்டு விரலை எடுத்த பிறகுதான் அவர் முதல் முதலாக அந்த வார்த்தையைக் கேட்டார். அவரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டவர்தான்.

நம்ம ஜனங்களுக்கு வருமுன் காக்கிற பழக்கமே கிடையாதுன்னு படிச்சவங்க சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகுகிறோம், அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வர மாட்டார், அந்த வீட்டுக்காரரும் அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போக மாட்டார், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அந்த வீடு தனி. தொற்றுள்ளவரை ஒதுக்கி வைப்பது என்று மருத்துவம் சொல்வதைத்தான் மாரியம்மன் பேரில் செய்து வந்திருக்கிறோம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறோம். பிள்ளை பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் தனி அறையில் வைத்துக் கண்டவர் தொட விடாமல் பார்த்துக்கொள்கிறோம். இடுப்பில் கருப்புக் கயிறு, கன்னத்தில் மை, தெருமுனையில் சுற்றிப் போடுகிற பூசணிக்காய் எல்லாமே காப்புதான். அவை வேலை செய்கின்றனவா என்பது வேறு பேச்சு, வருவதற்கு முன்னால் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை என்பதுதான் நான் சொல்வது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் காப்பெல்லாம் நோயை வெளியே நிறுத்துகிற காப்பு. ரத்தப் பரிசோதனை உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடுகிறது. கெட்டதை வாயால் சொன்னாலே வந்துவிடும் என்று "அப்படிச் சொல்லாதே" என்கிற வீட்டில், போய் ஊசி குத்தி ரத்தம் எடுத்து "எனக்கு என்ன இருக்கு பாருங்க" என்று கேட்பது நோயைக் கூப்பிடுவது போலத் தோன்றுகிறது. அறியாமை என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் யாரையும் ஒரு நாளும் கேம்ப்புக்குக் கூட்டி வந்ததில்லை. பயம் என்று புரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

என் பையன் வெளிநாட்டுல இருக்கான். அங்கெல்லாம் வருஷா வருஷம் செக்கப்னு சொல்றான். அவங்க நம்மைவிட அக்கறையானவங்களா?

அக்கறை ஒன்றுதான், ஏற்பாடு வேறு. இங்கிலாந்தில் 25 வயதிலிருந்து 64 வயது வரை பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வீடு தேடி வரும். 50 தாண்டியவர்களுக்குக் குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க மலப் பரிசோதனைப் பெட்டியே தபாலில் வரும், வீட்டிலேயே எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஜப்பானில் தொழிலாளிக்கு வருடம் ஒருமுறை பரிசோதனை செய்து வைப்பது முதலாளியின் சட்டக் கடமை, 1972-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 2008 முதல் அங்கே 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடுப்பையும் டேப் வைத்து அளக்கிறார்கள், ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90 தாண்டினால் கூப்பிட்டு ஆலோசனை சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2010 சட்டத்துக்குப் பிறகு காப்பீடு இருக்கிற பெரும்பாலானவர்களுக்குப் பல தடுப்புப் பரிசோதனைகள் கைக்காசு இல்லாமல் கிடைக்கின்றன, காப்பீடு இல்லாதவர் பாடு அங்கேயும் திண்டாட்டம்தான்.

அதாவது அங்கே தனி ஆள் யோசித்து முடிவெடுத்துப் போகிறான் என்பதைவிட, கடிதம் வருகிறது, கம்பெனி அனுப்புகிறது, அதனால் போகிறான். நம்மிடமும் கூப்பிடுகிற ஏற்பாடு வந்தபோது ஜனங்கள் வந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள், அதே வருடம் செப்டம்பர் 29-ஆம் தேதி கலைஞரின் வருமுன் காப்போம் திட்டத்தை நம் வாழப்பாடியில்தான் தொடங்கி வைத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியிடம் தன்னார்வலர் பெண் வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறாள், பாட்டி வேண்டாம் என்று சொல்வதில்லை. அவள் தெருக்காரப் பெண், தெரிந்த முகம். ஆஸ்பத்திரிக்கு வா என்றிருந்தால் அந்தப் பாட்டி போயிருக்கவே மாட்டார்.

ரெண்டாயிரம், மூவாயிரத்துக்கு "முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்"னு விளம்பரம் வருதே, எடுக்கலாமா?

எழுபது டெஸ்ட், எண்பது டெஸ்ட் என்று எண்ணிக்கையைக் காட்டுவார்கள், அதில் மயங்க வேண்டாம். 30 வயது தாண்டிய ஒருவருக்கு முதலில் வேண்டியது பிரஷர், சர்க்கரை, வாய்க்குள் ஒரு பார்வை, பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும். இவை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அதற்கு மேல் கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் உங்கள் வயதையும் குடும்பத்தில் யாருக்கு என்ன இருக்கிறது என்பதையும் பார்த்து டாக்டர் எழுதட்டும்.

சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் பார்த்தால் 100-க்குக் கீழே இருப்பது நல்லது, 100 முதல் 125 வரை எல்லையில் நிற்கிறீர்கள், 126-ஐத் தொட்டால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்கிற டெஸ்டில் 5.7 முதல் 6.4 வரை எல்லை, 6.5-லிருந்து சர்க்கரை நோய். எல்லையில் நிற்கிறவர்தான் இந்த டெஸ்டால் அதிகம் லாபம் அடைகிறவர், நடையிலும் சாப்பாட்டிலும் அவரால் இன்னும் பின்னால் திரும்ப முடியும். "லேசாத்தான் இருக்கு" என்று அந்தச் சீட்டை அலமாரியில் போட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்காது.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், ஹான்ஸ் வைக்கிறவர்கள், வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் எந்தப் பேக்கேஜுக்கும் காத்திருக்காதீர்கள்.

சர்க்கரை இருக்குன்னு வெளியே தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் தடைபடும், அதனால டெஸ்ட் எடுக்காம இருக்கேன். தப்பா?

இப்படிக் கேட்டவர் ஒரு ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர், இரண்டு பெண்கள். அவருடைய பயம் கற்பனை இல்லை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் "அந்தக் குடும்பத்துல சக்கரை ஓடுது" என்று சொல்லிக் கலைத்த கதை எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு எழுதுகிறவருக்குக் கணக்காகவே சொன்னேன். தெரிந்துகொண்டு மாத்திரை போட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கிற அப்பாவைச் சபையில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தெரிந்துகொள்ளாமல் இருந்து கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஐ.சி.யு.வில் படுத்த அப்பாவை ஊரே வந்து பார்க்கும்.

தெரு லேபில் கூச்சமாக இருந்தால் பக்கத்து ஊர் லேபுக்குப் போங்கள், அதில் தப்பில்லை. சீட்டை யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, டாக்டரைத் தவிர. சங்ககிரி பக்கத்து லாரி டிரைவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிப் பேசியபோதும் அவர்களை நிறுத்தியது இதே பயம்தான், பேர் வெளியே போய்விடுமோ என்பது. அரசு நம்பிக்கை மையத்தில் ரகசியமாகத்தான் பார்க்கிறார்கள் என்று ஒருவர் போய் வந்து சொன்ன பிறகுதான் அடுத்தவர் போனார்.

மூணு மாசம் முடியற வரைக்கும் உண்டாகியிருக்கிறதை வெளியே சொல்லக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. நர்ஸ்கிட்ட பதிய வேண்டியது அதுக்குள்ளதானே?

ஆமாம், 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உதவிக்கும் அந்தப் பதிவு அவசியம். பணத்தை விடுங்கள், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகிற குழாய் கரு உண்டான முதல் 28 நாட்களில் மூடிவிடுகிறது. அதற்கு வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரையை மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் அந்த வேலை முடிந்து போயிருக்கும். சரியாகச் சொன்னால், குழந்தைக்கு ஆசைப்படுகிற நாளிலிருந்தே அதைப் போட வேண்டும்.

மாமியார்களோடு நான் சண்டை போட்டதில்லை. முதல் மூன்று மாதத்தில் கலைந்து போவது அதிகம், ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு கலைந்தால் அந்தப் பெண் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் அந்த வழக்கம். அதில் ஒரு கருணை இருக்கிறது. "ஊருக்குச் சொல்ல வேண்டாம் அத்தை, எனக்கு மட்டும் சொல்லுங்க, நான் பூவும் பொட்டுமா சொந்தக்காரி மாதிரி வந்துட்டுப் போறேன்" என்பேன். மறுத்தவர்கள் குறைவு.

இரும்புச் சத்து மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது பொய். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் குணம், அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டும்.

அம்மாவை மார்பகம், கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்குக் கூப்பிட்டா வரவே மாட்டேங்கிறாங்க. என்ன செய்யறது?

இது எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி. என் சொந்த அத்தை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில்தான் போனார். தீட்டு நின்று ஆறு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை, செவிலியராக வேலை பார்க்கிற மருமகளான என்னிடம்கூட. நான் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பெண்கள் வராததற்குக் கூச்சம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் வீட்டில் அவர்கள் இடம். முதலில் சாப்பிடுகிறவர் அப்பா, கடைசியில் சாப்பிடுகிறவர் அம்மா. டெஸ்டும் அதே வரிசையில்தான். "உங்கப்பாவுக்குப் பாருங்க, எனக்கென்ன" என்பார்கள். அதனால் அம்மாவிடம் "உன் நல்லதுக்கு" என்று பேசிப் பலனில்லை, தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவர். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீ வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், கிளம்புவார். இப்படிச் சொல்ல எனக்கு உவப்பில்லை, ஒரு பெண் தனக்காகவே போக வேண்டும், ஆனாலும் முதல் தடவை வாசல் தாண்டுவதற்கு இது உதவுகிறது.

என்ன செய்வார்கள் என்று தெரியாததும் ஒரு பயம். கர்ப்பப்பை வாயில் புளித்த காடி போன்ற ஒரு திரவத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள், மாற்றம் உள்ள இடம் வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. 30 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் பெண் செவிலியரே பார்ப்பார், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். இந்தப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை, எச்.பி.வி. என்கிற கிருமியால் ஆரம்பித்து ஆண்டுக்கணக்கில் மெதுவாக மாறுவது, நடுவில் பிடித்தால் புற்றாக ஆவதற்கு முன்பே சரி செய்துவிடலாம். பெண் குழந்தைக்கு 9 முதல் 14 வயதுக்குள் இதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டுச் சேர்ந்து போகிறவர்கள்தானே நாம். தறிக்காரத் தெருவில் அப்படி ஒரு கூட்டத்தை நான் கூட்டிப் போயிருக்கிறேன், தனியாகக் கூப்பிட்டபோது வராதவர்கள் கும்பலாகப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஏற்காட்டு மலைக் கிராமங்கள்ல ஏன் இன்னும் ஜனங்க கேம்ப்புக்கு வர மாட்டேங்கிறாங்க? படிப்பில்லாததாலயா?

முதலில் ஒன்று. மலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடி மக்களைக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்கிறவர்கள் சேலத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மலையேறி வந்த கதையைச் சொல்கிறவர்கள், சேர்வராயனைக் கும்பிடுகிறவர்கள்.

அவர்கள் வராததற்குப் படிப்பைக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். கேம்ப் எப்போது போடுகிறார்கள் என்று பாருங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற நேரம், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு, கங்காணி அடுத்த நாள் கூப்பிடாமல்கூட விடலாம். அந்த மாதத்தில் காலை பத்து மணிக்குக் கேம்ப் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்றால் எப்படி? வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள், மூன்று கிலோமீட்டர் ஏறி இறங்கி வந்தவர் பதினொரு மணி வரை வரிசையில் நின்று தலை சுற்றி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரிய பரிசோதனை என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற கவலையிலேயே பாதி கேட்காமல் திரும்பிவிடுவார்கள்.

அதற்கு மேல், அவமானம். கீழே ஒரு ஆஸ்பத்திரியில் என் கண்ணெதிரே நடந்தது. மலையிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணியை, புடவை அழுக்காக இருக்கிறது, குளித்துவிட்டு வரத் தெரியாதா என்று பத்துப் பேர் முன்னால் திட்டினார்கள். இரண்டு மணி நேரம் மழையில் நடந்து வந்தவள் அவள். வாய் திறக்கவில்லை. அடுத்த பிரசவத்துக்கு அவளை மலையிலிருந்து இறக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் மட்டுமல்ல, அவள் ஊரே அந்தக் கதையைக் கேட்டிருந்தது. ஒரு வார்த்தை எத்தனை பேரைத் தடுத்து நிறுத்துகிறது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

பலன் தந்தது என்னவென்றால், முதலில் ஊர்க் கவுண்டரைப் பார்த்துப் பேசி, அவரே முதல் ஆளாகக் கையை நீட்டிப் பிரஷர் பார்த்துக்கொண்டது. அப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வேலை விட்டு வருகிற பாதையிலேயே உட்கார்ந்தது. ரத்தம் எடுத்தால் முடிவை மறுபடி மலையேறிப் போய் நேரில் சொன்னது. ரத்தத்தை வாங்கிக்கொண்டு போய் முடிவே சொல்லாமல் விட்ட கேம்ப்புகளை அவர்கள் மறக்கவில்லை.

தடுப்பூசி போட்டா குழந்தைக்குக் காய்ச்சல் வருது. நல்லா இருக்கிற குழந்தைக்கு எதுக்குக் காய்ச்சலை வரவழைக்கணும்?

ஓரிரு நாள் காய்ச்சல், தொடையில் வீக்கம் வரலாம், உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கற்றுக்கொள்கிறது. பெரியம்மையை நம்மில் இளையவர்கள் யாரும் பார்த்ததில்லை, 1980-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள், தடுப்பூசியால்தான். இளம்பிள்ளைவாதம் இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் வந்தது, 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கினோம். காலைச் சூம்ப வைத்த நோய் அது, என் வகுப்பிலேயே இருவர் இருந்தார்கள்.

தட்டம்மைக்கு ஒன்பதாம் மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் ஒன்று. அம்மாவின் விளையாட்டை ஊசியால் தடுக்கலாமா என்று கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் பொங்கல் வைக்கிற ஒரு பாட்டி கேட்டார். "பெரியம்மையை ஊசி போட்டு அனுப்பினோம், அதுக்காக அம்மன் கோவிச்சுக்கிட்டாளா பாட்டி, கூட்டம் வருஷத்துக்கு வருஷம் கூடத்தானே செய்யுது" என்றேன். பேத்தியைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமை வந்துவிட்டார். அம்மை வந்துவிட்டால் வேப்பிலையும் ஒதுங்கி இருப்பதும் இருக்கட்டும். மூச்சு வாங்கினால், குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், பால் குடிக்காவிட்டால், "அம்மைக்கு ஆஸ்பத்திரி போகக் கூடாது" என்ற பேச்சை அந்த நிமிடமே விட்டுவிடுங்கள்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கலாமா, மூக்குல எண்ணெய் விடலாமா?

இரண்டும் வேண்டாம். யாருடைய குணம் வர வேண்டுமோ அவர் கையால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிற ஆசை எனக்குப் புரிகிறது. அந்தப் பெரியவர் குழந்தையை முதலில் மடியில் வாங்கட்டும், பேரைக் காதில் சொல்லட்டும். வாயில் முதலில் சீம்பால்தான் போக வேண்டும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம், மூக்கிலும் காதிலும் விடுவதும் வாயால் ஊதிச் சளி எடுப்பதும் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவாகும்.

மாமன் மகளைக் கட்டப் போறேன். ஏதாவது பரிசோதனை வேணுமா?

ஜாதகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள், ரத்தத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே வம்சத்தில் இருவரும் ஒரே குறையைச் சுமந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம், சுமப்பவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. தலசீமியாவும் அரிவாள் அணு ரத்தசோகையும் அப்படிப் பரம்பரையாக வருகிற ரத்த நோய்கள். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு நோயே வர வாய்ப்பு. பழங்குடி மக்களுக்காகவே 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்திய அரசு அரிவாள் அணு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறது. சுமப்பவர் என்று வந்தால் கல்யாணம் நிற்க வேண்டும் என்பதில்லை, இரண்டு பேரின் முடிவையும் சேர்த்து வைத்து டாக்டரிடம் பேச வேண்டும். பெண் பக்கம் மட்டும் டெஸ்ட் எடுத்துவிட்டுப் பையனை விட்டுவிடுகிற வீடுகள் உண்டு, அதில் அர்த்தமே இல்லை.

நாய் லேசாத்தான் பிறாண்டுச்சு. சுண்ணாம்பு வச்சுட்டேன், போதுமா?

போதாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே போய் ஊசி போட ஆரம்பியுங்கள், அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28-ஆம் நாள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வழியில்லை. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

நான் நாட்டு மருந்துதான் சாப்பிடறேன். அப்பவும் டெஸ்ட் வேணுமா?

வேண்டும். எந்த மருந்து சாப்பிட்டாலும் அது வேலை செய்கிறதா என்று அளவு பார்த்தால்தானே தெரியும். அரசு சித்த மருத்துவரும் அதையே சொல்வார். ஆங்கில மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு டாக்டரிடமும் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

அப்பாவை எப்படித்தான் கூட்டிட்டுப் போறது?

"டெஸ்டுக்குப் போகலாம் வாப்பா" என்றால் வர மாட்டார். "எனக்குப் பார்க்கணும், துணைக்கு வாங்க" என்று கூட்டிப் போங்கள், உங்களுக்கும் நிஜமாகவே பாருங்கள், அங்கே போனதும் "வந்ததுதான் வந்தோம், நீங்களும் பார்த்துடுங்க" என்று சொல்லுங்கள். பிள்ளைக்குத் துணையாகப் போகிற அப்பாவுக்குக் கௌரவம் குறைவதில்லை. முடிவை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும், அவரை வைத்துக்கொண்டே உங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இனிப்பு சாப்பிடாதே, பீடி குடிக்காதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்களானால் அடுத்த வருடம் வர மாட்டார்.

எல்லாம் எடுத்துட்டு ஒண்ணுமில்லைன்னு வந்தா காசு வீண்தானே?

கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு நெசவாளி அண்ணன் இதையே கேட்டார். பிரஷரும் சர்க்கரையும் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்படின்னா அந்த ஊசிக் குத்து எதுக்கு நர்சம்மா?" என்றார். அடுத்த வருடம் பார்க்கும்போது இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான், பத்திரமாக வையுங்கள் என்றேன். தறி வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார். மறு வருடம் அதே மாதம், பழைய சீட்டோடும் கூடவே அவர் மனைவியோடும் வந்து நின்றார்.